அடைக்கலம் தந்த நாடும் அக்கம்பக்கத்து ஊரும்

அனைவருக்கும் வணக்கம்.

அகதிகளைப் பற்றிப் பேசும்போது இடம் கொடுத்த அரசைப் பாராட்டுகிறோம். பக்கத்து ஊர்க்காரர்கள் அவர்களை எப்படிப் பார்த்தார்கள் என்று கேட்பதில்லை. வந்தவர்களின் அன்றாட வாழ்க்கை அந்த ஊர்க்காரர்கள் கையில்தான் இருக்கிறது. அதற்கு ஓர் உதாரணமாக, புரூடர்ஹோஃப் என்ற கிறிஸ்தவக் கூட்டு வாழ்வுச் சமூகத்தைப் பற்றிச் சொல்கிறேன்.

1920-இல் ஜெர்மனியில் எபர்ஹார்ட் அர்னால்டும் அவர் மனைவி எம்மியும் தொடங்கியது இது. தனிச்சொத்து கிடையாது. எல்லாருக்கும் ஒரே சமையல், ஒரே பந்தி. ஆயுதத்தைத் தொட மாட்டார்கள். இவர்களை நாஜி ஆட்சி விட்டுவைக்குமா? 1933 நவம்பரில் நாஜிகள் அவர்கள் பண்ணைக்குள் புகுந்து சோதனை போட்டார்கள். சமூகத்தின் பள்ளிக்கு நாஜி ஆசிரியர் வரப்போகிறார் என்றதும் பிள்ளைகளை நாட்டைவிட்டே அனுப்பிவிட்டார்கள் பெரியவர்கள். லீக்டன்ஸ்டைன் என்ற குட்டி நாட்டின் மலையில் ஓர் இடம் கிடைத்தது. கட்டாய ராணுவ சேவை வந்தபோது இளைஞர்களும் அங்கே போனார்கள். ஆனால் அத்தனை சின்ன நாட்டால் எவ்வளவு நாள் காப்பாற்ற முடியும்? 1936-இல் இங்கிலாந்தில், ஆஷ்டன் கெய்ன்ஸ் அருகே ஒரு பண்ணை அமைத்தார்கள்.

அங்கே அவர்கள் ஒதுங்கி இருக்கவில்லை. ஆங்கிலத்தில் ஒரு பத்திரிகை நடத்தினார்கள். வந்தவர்களுக்குக் கதவைத் திறந்துவைத்தார்கள். போரை வெறுத்த ஆங்கிலேய இளைஞர்கள் பலர் வந்து சேர்ந்தார்கள். 1940-க்குள் முந்நூற்றைம்பது பேருக்கு மேல்!

ஆனால் பக்கத்து ஊர்களின் கண்ணில் அவர்கள் ஜெர்மன்காரர்கள், அதிலும் சண்டைக்கு வர மறுக்கிறவர்கள். போர் தொடங்கும் முன்பே சந்தேகம் முளைத்துவிட்டது. பண்ணைப் பொருள்களை வாங்கக் கூடாது என்று புறக்கணித்தார்கள். ஹிட்லரிடமிருந்து தப்பி வந்தவர்களை ஹிட்லரின் ஆட்கள் என்று பார்த்த கொடுமை அது. குண்டுக்குப் பயந்திருந்த மக்களை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனாலும் மனசு வலிக்கிறது.

போர் தொடங்கிய பின் அவர்கள் முன் இரண்டே வழிகள்தான்: ஜெர்மன் உறுப்பினர்கள் எல்லாரும் முகாமில் அடைபட வேண்டும், அல்லது சமூகம் முழுவதும் சேர்ந்து நாட்டைவிட்டு வெளியேற வேண்டும். இந்த நிலையில் அவர்கள் எடுத்த முடிவைத்தான் நான் மிகப் பெரிதாக நினைக்கிறேன். ஆங்கிலேய உறுப்பினர்கள், "இது உங்கள் பிரச்சினை" என்று விலகவில்லை. சொந்த நாட்டை விட்டு, நீர்மூழ்கிக் கப்பல்கள் திரிந்த கடலில் அவர்களும் கூடவே கப்பலேறினார்கள்.

அவர்களை ஏற்றுக்கொண்டது தென் அமெரிக்காவின் பராகுவே. இவர்களைப் போலவே ஆயுதம் ஏந்த மறுக்கும் கிறிஸ்தவப் பிரிவினரான மென்னோனைட்டுகளுக்காக 1921-இல் அந்த நாடு போட்ட சட்டம், ராணுவ சேவையிலிருந்து விலக்கு தந்திருந்தது. பிரிமவேரா என்ற இடத்தில் காட்டை வெட்டிக் குடியேறினார்கள். முதல் மாதங்களில் நோய்க்குப் பிள்ளைகளைப் பறிகொடுத்தார்கள். அந்தத் துயரத்தோடுதான் அங்கே லோமா ஹோபி என்ற இடத்தில் ஒரு மருத்துவமனையை எழுப்பினார்கள். அவர்களில் மருத்துவர்கள் இருந்தார்கள். சுற்றுவட்டாரத்துப் பராகுவே மக்களுக்கும் அங்கே வைத்தியம் பார்த்தார்கள். இங்கிலாந்தில் பத்திரிகை செய்யாததைப் பராகுவேயில் இந்த மருத்துவமனை செய்தது என்பது என் கருத்து. தன் பிள்ளையின் காய்ச்சலைத் தணித்தவரை யார்தான் அந்நியர் என்று சொல்வார்கள்?

அப்புறம், இங்கிலாந்திலும் கதை முடிந்துவிடவில்லை. பண்ணையை விற்றுக் கணக்கு முடிக்க ஒரு சிலர் தங்கியிருந்தார்கள். அவர்களைத் தேடி, சேர விரும்பிய ஆங்கிலேயர்கள் வந்துகொண்டே இருந்தார்கள். 1942-இல், போர் உச்சத்தில் இருந்தபோதே, ஷ்ராப்ஷயரில் வீட்ஹில் என்ற புதிய பண்ணையைத் தொடங்கினார்கள்.