வாசிக்கத் தெரிந்த பிள்ளைக்கும் வாசித்துக் காட்டுங்கள்

(தக்கலைக்குப் பக்கத்தில் ஒரு கிளை நூலகத்தின் வாசகர் வட்டக் கூட்டத்தில் பேசியது)

எல்லாருக்கும் வணக்கம். மேடைக்கு ஏறுவதற்கு முன்னால் ஒரு அம்மா என்னைப் படிக்கட்டிலேயே நிறுத்திக் கேட்டார். "சாரே, மகன் ஆறாம் கிளாஸ் படிக்கான். பாடப் புஸ்தகத்தைத் தவிர வேற ஒண்ணையும் தொடமாட்டேங்கான். எந்தப் புஸ்தகம் வாங்கிக் குடுத்தா படிப்பான்?" நான் வேறு என்னவோ பேச வேண்டும் என்று குறிப்பு எழுதிக் கொண்டுவந்திருந்தேன். அதை மடித்துப் பையில் வைத்துவிட்டேன். இங்கே இருக்கிற பாதிப் பேருக்கும் அதே கேள்விதான் இருக்கும், அந்த அம்மாவுக்குப் பதில் சொன்னால் போதும்.

நான் அவரிடம் திருப்பிக் கேட்டேன். அவனுக்கு நீங்கள் கடைசியாக எப்போது கதை சொன்னீர்கள்? கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொன்னார், "ரெண்டாம் கிளாஸ்ல எழுத்துக்கூட்டி வாசிக்கத் தொடங்கினான். இனி அவனே வாசிக்கட்டும்னு விட்டாச்சு சாரே."

எல்லா வீட்டிலும் இதுதான் நடக்கிறது, நானும் என் மகனுக்கு இதையேதான் செய்தேன். ஏழெட்டு வயது வரைக்கும் கதை என்றால் ஒரு ஆளுடைய குரல், ஒரு மடி, சோறு ஊட்டுகிற கை. எழுத்துத் தெரிந்த அன்றைக்கு நாம் எழுந்து போய்விடுகிறோம், நாம் எழுந்த இடத்தில் பாடப்புத்தகம் வந்து உட்கார்ந்துகொள்கிறது. அப்புறம் வாசிப்பு என்றால் கோடிட்ட இடம், மார்க், "எத்தனை பக்கம் முடிச்ச?" என்கிற அதட்டல். பத்து வயதுப் பிள்ளையை நன்றாகக் கவனித்துப் பாருங்கள். காதால் கேட்டால் பெரிய கதையும் அவனுக்கு விளங்கும், பேயும் கொலையும் துரோகமும் எல்லாம் விளங்கும். கண்ணால் தடுக்காமல் வாசிக்க முடிகிற கதையோ காக்கா நரி அளவில்தான் இருக்கும், அதைக் கையில் வைத்திருக்கவே அவனுக்குக் கூச்சம். தம்பி தங்கச்சி படிக்கிற புத்தகம் அல்லவா அது. அவன் ஆசைப்படுகிற கதை ஒரு பக்கம், அவனால் வாசிக்க முடிகிற கதை இன்னொரு பக்கம், நடுவில் மாட்டிக்கொண்ட பிள்ளைக்கு நாம் வைத்திருக்கிற பெயர் "படிக்காதவன்".

நம்ம கன்னியாகுமரி மாவட்டத்தில் இன்னொரு தடையும் உண்டு. விளவங்கோடு, கல்குளம் பக்கத்துப் பிள்ளைகள் வீட்டில் பேசுகிற தமிழ் எந்தப் புத்தகத்திலும் கிடையாது. "ஓர்மை இருக்கா", "கொள்ளாம்", "வெப்ராளப்படாத மக்களே" என்று கேட்டு வளர்ந்த பிள்ளை புத்தகத்தைத் திறந்தால் "அச்சிறுவன் பெரிதும் அகமகிழ்ந்தான்" என்று இருக்கிறது. இங்கிலீஷ் மீடியத்தில் படிக்கிற பிள்ளைக்கு இது இன்னும் தூரம். எழுத்து தெரியும், வார்த்தையின் சத்தம் தெரியாது. அந்தச் சத்தத்தைக் கொடுக்க நம்முடைய தொண்டையை விட்டால் வேறு வழி எனக்குத் தெரியவில்லை.

இந்தப் பிள்ளைகளுக்குக் கதை பிடிக்காது என்று மட்டும் யாரும் சொல்ல வேண்டாம். கோயில் கொடைக்கு வில்லுப்பாட்டு நடக்கிற அன்றைக்கு நான் பார்த்திருக்கிறேன். வில்லில் கட்டின மணி குலுங்கி, குடத்தில் அடி விழுந்து, முன்னால் நின்று பாடுகிற அண்ணாவி ஒரு வரி சொல்ல, பின்பாட்டுக்காரர் "ஆமா" போட்டு அதை இழுக்க, ராத்திரி ஒரு மணிக்கும் ஐந்தாம் வகுப்புப் பையன் கண்ணை மூடாமல் மணலில் உட்கார்ந்திருப்பான். கள்ளியங்காட்டு நீலி என்கிற பேய்க் கதையைப் பாட்டி தொடங்கினால் ஒண்ணுக்குப் போகக்கூட எழுந்திருக்க மாட்டான், பயம் ஒரு பக்கம், மீதியைக் கேட்காமல் போக மனசில்லை என்பது இன்னொரு பக்கம்.

அதனால் நான் சொல்ல வந்தது இவ்வளவுதான். எந்தப் புத்தகம் கொடுத்தாலும் முதல் இருபது பக்கத்தை நீங்கள் வாசித்துக் காட்டுங்கள். ஆறாம் வகுப்போ ஏழாம் வகுப்போ, மீசை அரும்பப் போகிற பையனானாலும் சரி. முதல் பக்கங்களில்தான் புதுப் பெயர், புது ஊர், யாருக்கு யார் என்ன உறவு என்கிற குழப்பம் எல்லாம் இருக்கும். பாதிப் பிள்ளைகள் அங்கேயேதான் புத்தகத்தை மூடுகிறார்கள். அந்த மேட்டை நீங்கள் ஏற்றிவிடுங்கள். முடிச்சு விழுகிற இடம் வந்ததும் நிறுத்துங்கள். "எனக்கு அடுப்பில வேலை இருக்கு" என்று சொல்லிவிட்டுப் புத்தகத்தைக் கட்டிலிலேயே விட்டுப் போங்கள். அன்றைக்கு எடுக்கவில்லையா, நாளைக்கு இன்னொரு பத்துப் பக்கம் வாசியுங்கள். அம்மா அப்பாவுக்கு வாசிக்கச் சிரமமென்றால் பிளஸ் டூ படிக்கிற அக்கா வாசிக்கட்டும், தாத்தா வாசிக்கட்டும்.

தூத்தூர் பக்கத்திலிருந்து ஒரு பையன் என் வகுப்புக்கு வந்தான். அப்பா ஆழ்கடலுக்குச் சுறா பிடிக்கப் போகிறவர், ஒரு தடவை போனால் வாரக்கணக்கில் கடல்தான். நான் கேள்வியே படாத மீன் பெயரெல்லாம் அவன் சொல்லுவான், ஆனால் புத்தகத்தைக் கண்டால் முகம் சுருங்கிவிடும். நான் பலதும் கொடுத்துப் பார்த்தேன், எல்லாம் நான் நல்லது என்று நினைத்த புத்தகங்கள். ஒருநாள் ஜூல்ஸ் வெர்னின் நீர்மூழ்கிக் கப்பல் கதையைச் சுருக்கித் தமிழில் போட்ட ஒரு மெல்லிய புத்தகத்தை எடுத்து, பெரிய கணவாய் மீன்கள் கப்பலைப் பிடிக்கிற இடத்தை மட்டும் வகுப்பில் வாசித்தேன். கையைத் தூக்கினான். "சாரே, கணவாய் இப்படிச் செய்யாது. மை கக்கிட்டு ஓடிரும்." சரி, கோடாலியோடு மேலே ஏறினவர்கள் என்ன செய்தார்கள் என்று நீயே பாரு, நாளைக்கு வந்து சொல்லு என்று கொடுத்துவிட்டேன். அவன் நாளைக்கு வரவில்லை, பத்து நாள் கழித்து வந்தான். நடுவில் கொஞ்சம் பக்கம் தாண்டிவிட்டேன் என்று அவனே சொன்னான். அந்தக் கப்பலின் கேப்டன் நீமோ எந்த ஊர்க்காரன் என்று கேட்டான். அவர் ஒரு இந்திய இளவரசர், அதை வெர்ன் 1875 இல் வந்த வேறொரு நாவலில்தான் சொல்கிறார் என்றதும் "அந்தப் புஸ்தகம் இருக்கா?" என்றான். இத்தனை வருஷம் ஆசிரியராக இருந்ததில் என் காதில் விழுந்த நல்ல சொற்களில் அதுவும் ஒன்று.

அவனுக்குக் கடல் தெரியும். தெரிந்த கடலை வைத்துப் புத்தகத்தோடு சண்டை போட முடிந்தது, அதனால்தான் உள்ளே போனான். உங்கள் பிள்ளை எதைப் பற்றிப் பேசினால் நிறுத்தாமல் பேசுகிறானோ, அங்கிருந்து தொடங்குங்கள். சண்டைக் கதை பிடித்தவனை இதோ பக்கத்தில் இருக்கிற உதயகிரிக் கோட்டைக்குக் கூட்டிப் போங்கள். 1741 இல் குளச்சலில் திருவிதாங்கூர் மன்னர் மார்த்தாண்டவர்மாவிடம் தோற்ற டச்சுப் படையைச் சேர்ந்த டிலனாய், பிறகு அதே மன்னருடைய படைக்குப் பயிற்சி கொடுத்தவர், அவருடைய கல்லறை அந்தக் கோட்டைக்குள்தான் இருக்கிறது. கல்லில் லத்தீனோடு தமிழும் பொறித்திருக்கிறது, அதை அவனே எழுத்துக்கூட்டி வாசிக்கட்டும். கல்லில் வாசித்தாலும் வாசிப்புதான்.

சரி, பெயர் சொல்லுங்கள் என்பீர்கள். சொல்கிறேன்.

முதலில் காமிக்ஸ். அதைக் கண்டாலே சில அப்பாக்களுக்குக் கோபம் வருகிறது, "படம் பார்க்கவா புஸ்தகம்?" என்று. 1972 இல் சிவகாசியிலிருந்து முத்து காமிக்ஸ் 'இரும்புக்கை மாயாவி'யோடு தொடங்கியது. மின்சாரம் பாய்ந்ததும் உடம்பு முழுக்க மறைந்து இரும்புக்கை மட்டும் தெரிகிற அந்த மனிதனால் வாசிக்கக் கற்றுக்கொண்ட ஒரு தலைமுறை இருக்கிறது, அதில் நானும் ஒருவன். 1984 இல் லயன் காமிக்ஸ் வந்தது. லக்கி லுக் கதைகள் சிரிக்கச் சிரிக்க ஓடும். எழுத்துத் தடுக்குகிற பிள்ளைக்குப் படம் கைத்தடி மாதிரி, ஒரு வார்த்தை விளங்காவிட்டாலும் கதை நிற்காது. பிடுங்காதீர்கள். அதேபோல இங்கிலீஷில் 'டைரி ஆஃப் எ விம்பி கிட்' வாசிக்கிற பிள்ளையையும் தடுக்க வேண்டாம், கையெழுத்து மாதிரி எழுத்தும் கோட்டுப் படமுமாக அந்தப் புத்தகம் தயங்குகிற பிள்ளைகளைப் பிடித்து உட்காரவைக்கிறது. தமிழை நீங்கள் வாசித்துக் கொடுத்துக்கொண்டே இருந்தால் போதும்.

சாகசம் வேண்டும் என்கிற பிள்ளைக்கு நான் முதலில் எடுப்பது ஜெயமோகனின் 'பனி மனிதன்'. நம்ம நாகர்கோவிலில் இருக்கிறவர், பெரியவர்களுக்கு எவ்வளவோ எழுதியிருக்கிறார், இது தினமணியின் சிறுவர்மணியில் தொடராக வந்தது. இமயமலை, பனி, அங்கே நடமாடுகிற ஒரு பெரிய உருவம். தொடராக வந்ததால் ஒவ்வொரு அத்தியாயமும் அடுத்ததைத் திறக்க வைக்கும். பழங்காலம் பிடித்தவர்களுக்கு உதயசங்கரின் 'ஆதனின் பொம்மை', கீழடியை வைத்து எழுதினது, 2023 இல் சிறுவர் இலக்கியத்துக்குச் சாகித்திய அகாதெமி கொடுக்கிற பால சாகித்திய புரஸ்கார் பெற்றது. இவரும் யூமா வாசுகியும் மலையாளத்திலிருந்து நிறையச் சிறுவர் கதைகளைத் தமிழுக்குக் கொண்டுவந்திருக்கிறார்கள். நம்ம பக்கத்துப் பிள்ளைகளுக்கு அந்தக் கதைகளில் வருகிற வீடும் மழையும் தென்னையும் உடனே ஒட்டிக்கொள்கிறது. 2025 இல் அதே பரிசைப் பெற்ற விஷ்ணுபுரம் சரவணனின் 'ஒற்றைச் சிறகு ஓவியா' இருக்கிறது, பெயரைச் சொன்னாலே "ஒரு சிறகை வச்சு எப்படிப் பறப்பா?" என்று கேட்பார்கள், கேள்வி வந்துவிட்டால் பாதி வேலை முடிந்தது.

'டோட்டோ சான்' பற்றி ஒரு வார்த்தை. ஜப்பானில் தெத்சுகோ குரோயாநாகி தன் பள்ளிக்கூடத்தைப் பற்றி எழுதின புத்தகம், 1981 இல் வந்தது, தமிழிலும் நெடுங்காலமாகக் கிடைக்கிறது. ரயில் பெட்டியில் வகுப்பறை. புதிதாக வந்த சிறுமி பேசப் பேச நான்கு மணி நேரம் உட்கார்ந்து கேட்கிற தலைமை ஆசிரியர். ஒவ்வொரு பகுதியும் இரண்டு மூன்று பக்கம்தான், தினமும் சாப்பாட்டுக்கு முன் ஒன்று வாசிக்கலாம். பள்ளிக்கூடத்தில் ஒட்டாத பிள்ளை உங்கள் வீட்டில் இருந்தால் இதை விட்டுவிடாதீர்கள்.

இரண்டு புத்தகங்களை மட்டும் நீங்கள் முதலில் வாசித்துவிட்டுக் கொடுங்கள். இரா. நடராசனின் 'ஆயிஷா', கேள்வி கேட்கிற ஒரு மாணவியின் கதை, சின்னப் புத்தகம், முடிவு நெஞ்சைப் பிசையும். யெஸ். பாலபாரதியின் 'மரப்பாச்சி சொன்ன ரகசியம்', பிள்ளைகளிடம் தப்பாக நடந்துகொள்கிற ஆட்களைப் பற்றிப் பிள்ளைகளுக்கே பக்குவமாகச் சொல்கிறது. இரண்டையும் கூட உட்கார்ந்துதான் வாசிக்க வேண்டும், வாசித்த பிறகு பிள்ளை ஏதாவது சொல்ல வரும், அதற்கும் நேரம் வைத்துக்கொள்ளுங்கள்.

கொடுக்க வேண்டாதவையும் உண்டு. 'பொன்னியின் செல்வன்' ஐந்து பாகத்தையும் பிறந்தநாளுக்கு வாங்கி அலமாரியில் வைத்துவிட்டு, பதினோரு வயதுப் பிள்ளை அதைத் தொடவில்லை என்று வருத்தப்படுகிறார்கள். அது காத்திருக்கும். 'குட்டி இளவரசன்' எனக்கு உயிர், ஆனால் வாசிக்கத் தயங்குகிற பிள்ளைக்கு அதைக் கொடுத்து நான் ஜெயித்ததே இல்லை. பெரியவர்களாகிய நமக்குத்தான் அதில் கண் கலங்குகிறது. தலைவர்கள் வரலாறும் நீதிக்கதையும் பரிசளிப்பு விழாவில் கட்டுக்கட்டாகக் கொடுக்கிறோம், என் மகனும் வாங்கி வந்தான், ஒன்றுகூடப் பிரிக்கப்படவில்லை.

எது கடினம், எது எளிது என்று பார்க்க நூலகங்களில் ஒரு வழி சொல்வார்கள். நடுவில் ஒரு பக்கத்தைத் திறந்து பிள்ளையை வாசிக்கச் சொல்லுங்கள், தெரியாத வார்த்தை வந்தால் ஒரு விரலை மடக்கட்டும். ஐந்து விரலும் மடங்கிவிட்டால் அந்தப் புத்தகத்தை இப்போதைக்கு நீங்கள் வாசித்துக் காட்டுங்கள், அவன் கையில் தனியாகக் கொடுக்க வேண்டாம். பிடிக்காவிட்டால் பாதியில் விடட்டும். முடிவை முதலில் பார்க்கட்டும். பத்துத் தடவை ஒரே புத்தகத்தை வாசிக்கட்டும். வாசித்து முடித்ததும் "என்ன நீதி?" என்று மட்டும் கேட்காதீர்கள், கேட்டீர்களானால் அடுத்த புத்தகத்தை உங்கள் கண்ணில் படாமல்தான் வைப்பான்.

இவ்வளவு அவசரப்படுத்துவதற்கு ஒரு காரணம் இருக்கிறது. 1986 இல் கீத் ஸ்டானோவிச் என்ற ஆய்வாளர், வாசிக்கிற பிள்ளை மேலும் மேலும் வாசித்து வார்த்தை சேர்த்துக்கொண்டே போகிறது, வாசிக்காத பிள்ளை பின்தங்கிக்கொண்டே போகிறது என்று காட்டினார். அதற்கு மத்தேயு விளைவு என்று பெயர். உள்ளவனுக்குக் கொடுக்கப்படும், இல்லாதவனிடம் இருப்பதும் எடுக்கப்படும் என்கிற மத்தேயு வசனம் இங்கே பலருக்கும் மனப்பாடம். ஒன்பதிலிருந்து பன்னிரண்டு வரைக்குமான நாலு வருஷத்தில் அந்த இடைவெளி கண்முன்னால் விரிகிறது.

நான் போன ஒரு பள்ளியில், பெயர் வேண்டாம், புத்தக அலமாரிக்குப் பூட்டுப் போட்டிருந்தது. கிழித்துவிடுவார்களாம். கண்ணாடி வழியாக ஒரு பெண்பிள்ளை அட்டைகளை மட்டும் வாசித்துக்கொண்டு நின்றதை நான் மறக்கவில்லை. நூலக அறிஞர், நம்ம எஸ். ஆர். ரங்கநாதன் 1931 இலேயே நூலகத்துக்கு ஐந்து விதி எழுதினார். ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்குரிய நூல், ஒவ்வொரு நூலுக்கும் அதற்குரிய வாசகர் என்பவை அதில் இரண்டு. பூட்டினால் அந்த இரண்டுமே போயிற்று. கிழியட்டும், ஒட்டிக்கொள்ளலாம்.

காசு பற்றிக் கவலைப்பட வேண்டாம். இந்த நூலகத்தில் சிறு தொகை கட்டினால் உறுப்பினர். அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு வாசிப்பு இயக்கத்தின் மெல்லிய புத்தகங்கள் இருக்கின்றன, நுழை, நட, ஓடு, பற என்று நாலு படியாகப் பிரித்தவை, ஏழாம் வகுப்புப் பிள்ளை 'நட'விலிருந்து தொடங்கினால் யாரும் கேலி செய்யக் கூடாது. போனில் பிரதம் புக்ஸின் ஸ்டோரிவீவர் தளத்தில் தமிழ்க் கதைகள் இலவசம். ராத்திரி கரண்ட் போனால் அந்த வெளிச்சத்திலேயே வாசித்துக் காட்டலாம்.

இந்த மேசையில் முப்பது புத்தகம் பரப்பி வைத்திருக்கிறோம். பெரியவர்கள் யாரும் எடுத்துக் கொடுக்க வேண்டாம், பிள்ளைகளே வந்து தொட்டுப் பார்த்து எடுக்கட்டும், அட்டையைப் பார்த்து எடுத்தாலும் சரிதான். படிக்கட்டில் என்னிடம் கேட்ட அம்மாவின் மகன் அந்த நீலச் சட்டைதானே? வா மக்களே, நீ முதலில் எடு. அம்மா இன்றைக்கு ராத்திரி உனக்கு இருபது பக்கம் வாசிப்பாங்க.