புளூட்டோவும் வெள்ளைக் குள்ளனும் அண்ணன் தம்பியா?

வணக்கம் மக்களே! பெங்களூரு அல்சூர்ல எங்க வீட்டு மொட்டை மாடியில இருந்து பேசுறேன். பிப்ரவரி மாசம், மணி ஒன்பதரை, வானத்துல ஒரு மேகம் இல்ல. பின்னால மெட்ரோ சத்தம் கேக்கும். அதை எடிட்ல எடுக்க மாட்டேன், அதுக்கு ஒரு வேலை இருக்கு.

எங்க அக்கா பொண்ணு அஞ்சாவது படிக்கிறா. இப்பதான் தோசை சாப்பிடும்போது கேட்டா: "மாமா, புளூட்டோவ ட்வார்ஃப் பிளானட்ங்கிறாங்க, செத்துப்போன நட்சத்திரத்த ஒயிட் ட்வார்ஃப்ங்கிறாங்க. ரெண்டும் அண்ணன் தம்பியா?" தமிழ்லயும் அப்படித்தானே சொல்றோம்? குள்ளக் கோள், வெள்ளைக் குள்ளன். அவ கேட்டதுல தப்பே இல்ல. ஆனா ரெண்டுக்கும் ஒட்டும் இல்ல, உறவும் இல்ல.

முதல்ல புளூட்டோ. 1930ல கிளைட் டாம்பா கண்டுபிடிச்சார். எழுபத்தஞ்சு வருஷம் கழிச்சு, 2005ல, அதுக்கும் அப்பால ஏரிஸ் கிடைச்சுது. அது எடையில புளூட்டோவை விட ஜாஸ்தி. அப்போ அதையும் பத்தாவது கோள்னு சேக்கணுமா? 2006 ஆகஸ்ட்ல பிராக் நகரத்துல சர்வதேச வானியல் ஒன்றியம் கூடி ஓட்டெடுத்தாங்க. மூணு விதி. சூரியனைச் சுத்தணும். தன்னோட ஈர்ப்பாலயே உருண்டையா இருக்கணும். தான் போற பாதையில இருக்கிற மத்த சரக்கையெல்லாம் ஒழிச்சுக் கட்டியிருக்கணும். புளூட்டோ மூணாவதுல தோத்துடுச்சு, அதான் குள்ளக் கோள்னு ஆச்சு.

சின்னதா இருந்ததால தூக்கிட்டாங்கன்னு நிறைய பேர் சொல்றாங்க. இல்லங்க. வியாழனோட நிலா கனிமீட் 5,268 கிலோமீட்டர் குறுக்களவு. புதன் 4,879 தான். அந்த நிலா ஒரு கோளை விடப் பெருசு, இருந்தாலும் அது நிலாதான், ஏன்னா அது சுத்துறது வியாழனை.

இப்ப அந்தப் பக்கம் பாருங்க, மெட்ரோ வருது. அந்தத் தண்டவாளத்துல அது மட்டும்தான். குறுக்க ஒரு சைக்கிள் கூட வராது. கோள்னா அது. கீழ ரோட்ல ஸ்கூட்டர், ஆட்டோ, வேன் எல்லாம் ஒண்ணா நெருக்கிட்டுப் போகுதில்ல? புளூட்டோ அதுல ஒரு வண்டி. நெப்டியூனைத் தாண்டி கைப்பர் பட்டைல ஆயிரக்கணக்கான பனிக்கட்டி உருண்டைகளோட ஒண்ணா. இந்த மூணாவது விதியத் திட்டுறவங்க இருக்காங்க, எனக்கு அதுதான் ரொம்பப் பிடிச்சது. அந்தப் பாதையில யாரு கை ஓங்கியிருக்குன்னு அது ஒண்ணுதான் சொல்லுது. செவ்வாய்க்கும் வியாழனுக்கும் நடுவுல சுத்துற சீரிஸும் இதே மாதிரிதான். 1801ல கண்டுபிடிச்சப்போ கோள், அப்புறம் சிறுகோள், 2006ல இருந்து குள்ளக் கோள். கோயில்ல நவக்கிரகம் சுத்துறோமே, அங்க சூரியனும் சந்திரனும் கூட கிரகம்தான், பூமி கணக்குலயே கிடையாது. பட்டியல் எப்பவுமே மாறித்தான் வந்திருக்கு.

சரி, அடுத்த குள்ளன். கேமராவைத் தெற்கே தூக்குறேன். ஓரியனோட இடுப்புப் பட்டைன்னு சொல்ற அந்த மூணு நட்சத்திரம் வரிசையா இருக்குல்ல, அந்தக் கோட்டை அப்படியே கீழ நீட்டுங்க. நீலமும் வெள்ளையுமா துடிக்குது பாருங்க, அதுதான் சிரியஸ். நம்ம தெரு விளக்கையெல்லாம் மீறித் தெரியுது. அது பக்கத்துலயே இன்னொண்ணு இருக்கு, நம்ம கண்ணுக்குத் தெரியாது. 1844ல பெசல்னு ஒரு வானியலாளர், சிரியஸ் லேசா ஆடுறதை வச்சே துணைக்கு யாரோ இருக்காங்கன்னு சொல்லிட்டார். 1862ல தொலைநோக்கி செய்யுற ஆல்வன் கிளார்க் ஒரு புது லென்ஸைச் சோதிக்கும்போது அதை நேராவே பாத்தார். சிரியஸ் பி. பூமி அளவுதான் இருக்கும், ஆனா சூரியனோட எடை! ஒரு டீஸ்பூன் எடுத்தா டன் கணக்குல. எரிபொருள் தீந்துபோன நட்சத்திரத்தோட நடுப்பகுதி அது. புதுசா எதையும் எரிக்கல, மிச்சச் சூட்டுல மினுங்குது.

ஏன் இன்னும் நசுங்கல? உள்ள எலக்ட்ரான்கள் இதுக்கு மேல நெருங்க மாட்டேன்னு முட்டுக் கொடுத்து நிக்குது. அந்த முட்டு எதுவரைக்கும் தாங்கும்னு கணக்குப் போட்டவர் நம்ம சந்திரசேகர். மெட்ராஸ் பிரசிடென்சி காலேஜ்ல படிச்சுட்டு, 1930ல இங்கிலாந்து போற கப்பல்ல உக்காந்து போட்ட கணக்கு. அப்போ அவருக்கு வயசு பத்தொன்பது. சூரியனைப் போல 1.4 மடங்கு, அதுக்கு மேல எடை போனா வெள்ளைக் குள்ளனா நிக்க முடியாது. 1983ல நோபல் கொடுத்தாங்க. இதைச் சொல்லும்போதெல்லாம் எனக்குச் சிலிர்க்கும்.

அந்த மூணு நட்சத்திரத்துக்கு மேல சிவப்பா ஒண்ணு தெரியுதே, அதுதான் திருவாதிரை. அது ரொம்பக் கனம். ஒருநாள் வெடிக்கும். மிஞ்சுறது வெள்ளைக் குள்ளனை விட இன்னும் இறுக்கமா நசுங்கின நியூட்ரான் நட்சத்திரமாவோ கருந்துளையாவோ போயிடும். நம்ம சூரியனுக்கு அந்தக் கதி இல்ல. இன்னும் சுமார் 500 கோடி வருஷத்துல உப்பி, மேல்தோலைக் கழட்டி விட்டுட்டு, வெள்ளைக் குள்ளனா அடங்கும். கழண்டுபோற அந்த வாயுவுக்கு என்ன பேரு தெரியுமா? கோள்வடிவ நெபுலா! அதுலயும் கோள் கிடையாது. யுரேனஸைக் கண்டுபிடிச்ச ஹெர்ஷல் தன் தொலைநோக்கில பாத்தப்போ கோள் மாதிரி வட்டமா தெரிஞ்சுதாம், அந்தப் பேரே நின்னுடுச்சு.

அக்கா பொண்ணு மாடிக்கு வந்துட்டா. "அந்தத் தம்பி எங்க மாமா, காட்டு"ங்கிறா. சிரியஸ் இப்ப தண்ணித் தொட்டிக்குப் பின்னால போகுது. இருங்க, ஸ்டாண்டை அந்தப் பக்கம் தூக்கி வைக்கிறேன்.