கனம் எந்தத் தட்டில்?

"ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு" என்று எண்ணிக்கொண்டே தொடையில் தட்டிப் பாருங்கள். நம்மில் பலர் 'ஒன்று' வரும்போதுதான் ஓங்கித் தட்டுவோம். ஆதி தாளம் கேட்டு வளர்ந்த கை அது. முதலில் தட்டிவிட்டுத்தான் விரல் எண்ணும். சரி, இப்போது ஒன்றிலும் மூன்றிலும் கையைச் சும்மா வைத்துக்கொண்டு, இரண்டிலும் நான்கிலும் மட்டும் தட்டுங்கள். தோள் தானாக அசைகிறது, பார்த்தீர்களா? வேகம் அதேதான், எண்ணிக்கையும் அதேதான். கனம் மட்டும் இடம் மாறியிருக்கிறது.

இதற்கு 'பேக்பீட்' என்று பெயர். 1949 டிசம்பரில் அமெரிக்காவின் நியூ ஆர்லியன்ஸில் பாடகர் ஃபேட்ஸ் டாமினோ 'தி ஃபேட் மேன்' பாடலைப் பதிவு செய்தபோது டிரம்ஸ் வாசித்தவர் எர்ல் பால்மர். அந்த ஊர் ஜாஸ் குழுக்களில், பாட்டு முடியப்போகும் கடைசிச் சுற்றில் இரண்டையும் நான்கையும் ஓங்கி அடிக்கும் வழக்கம் இருந்தது. பால்மர் அந்தக் கடைசிச் சுற்றின் உற்சாகத்தைப் பாட்டு முழுக்க வைத்துவிட்டார். சிறுவயதில் அவர் காலணியால் தரையில் தாளம் தட்டி ஆடும் டாப் நடனம் ஆடியவர். கால் எதற்குக் காத்திருக்கும் என்று அந்தக் கைக்குத் தெரிந்திருந்தது என்றே நான் நினைக்கிறேன்.

ஜமைக்காவின் ரெகே இசையில் இதற்கு நேர்மாறான துணிச்சல். பாப் மார்லியின் குழுவில் கார்ல்டன் பேரட் வாசித்த 'ஒன் டிராப்' நடையில் முதல் தட்டு காலி. மூன்றாவதில்தான் காலால் மிதித்து அடிக்கும் பெரிய பேஸ் டிரம்மும், குச்சியால் அடிக்கும் சிறிய ஸ்னேர் டிரம்மும் சேர்ந்து விழும். படி இருக்கிறது என்று கால் வைக்கிறோம், அங்கே படி இல்லை. உடம்பு ஒரு கணம் மிதக்கிறது. எனக்கு அந்த மிதப்புதான் ரெகே.

அமெரிக்கப் பாடகர் ஜேம்ஸ் பிரவுனோ 1960-களின் நடுவில் கனத்தை மறுபடி முதல் தட்டுக்கே கொண்டுவந்தார். பேஸ் கிட்டார், கிட்டார், சாக்ஸபோன் எல்லாம் 'ஒன்றில்' வந்து கூட வேண்டும். அப்புறம் அவரவர் வழி.

அவரிடம் டிரம்ஸ் வாசித்த கிளைட் ஸ்டபிள்ஃபீல்டைத் தனியாகச் சொல்ல வேண்டும். 1970-இல் வெளிவந்த 'ஃபங்கி டிரம்மர்' பாட்டில் ஸ்னேரின் ஓங்கிய அடி எல்லோருக்கும் கேட்கும். அதைத் தூக்கிக் கொடுப்பவை, நடுநடுவே குச்சி தோலைத் தொட்டும் தொடாமலும் விழும் மெல்லிய அடிகள். அவற்றை எடுத்துவிட்டால் ஓங்கிய அடி வெறும் சத்தம்தான். பின்னால் வந்த ஹிப்-ஹாப் கலைஞர்கள் அந்தச் சில விநாடிகளை வெட்டியெடுத்து எத்தனையோ பாடல்களுக்கு அடித்தளமாக்கினார்கள். பாடலை எழுதியவராகப் பதிவானது பிரவுனின் பெயர் மட்டும். அந்த அடிகளை வாசித்தவருக்கு அதில் பங்கு இல்லை என்பது இன்றும் எனக்கு வலிக்கிறது.

இன்றிரவு அந்தப் பாட்டைப் போடுங்கள். குரலை விட்டுவிட்டு, ஓங்கிய அடிகளுக்கு நடுவே அந்த மெல்லிய தட்டுகளைக் கேளுங்கள்.