மின்விசிறியும் நீங்களும்: உடல் ஒரு நாளில் எரிக்கும் கலோரி

[திரையில்: இருட்டான படுக்கையறை. மேலே மின்விசிறி சுழல்கிறது. கட்டிலில் ஒரு பெண், அருகே ஒரு வயதுக் குழந்தை.]

அதிகாலை மூன்று மணி. பழைய மின்விசிறி, 75 வாட் மின்சாரம் இழுக்கும். அதன் கீழே தூங்குகிற பெண்ணுக்கு வயது 35, எடை 55 கிலோ, உயரம் 155 சென்டிமீட்டர். அவர் உடலும் ஏறத்தாழ 57 வாட்டில் ஓடிக்கொண்டிருக்கிறது. ஓசைதான் இல்லை.

எங்கிருந்து வந்தது இந்த 57? ஒரு தாளை எடுத்துக்கொள்ளுங்கள். எடையைப் பத்தால் பெருக்குங்கள். உயரத்தை 6.25-ஆல் பெருக்கிக் கூட்டுங்கள். வயதை ஐந்தால் பெருக்கிக் கழியுங்கள். பெண் என்றால் இன்னும் 161-ஐக் கழிக்க வேண்டும்; ஆண் என்றால் 5-ஐக் கூட்ட வேண்டும். 1990-இல் வெளியான மிஃப்லின்–செயின்ட் ஜியார் சூத்திரம் இது. இவருக்கு விடை 1,183 கலோரி. நாள் முழுக்கப் படுத்தே கிடந்தாலும் இவ்வளவு எரிந்துவிடும். அமெரிக்காவில் 498 பேரை அளந்து எழுதிய சூத்திரம் என்பதால், நம் உடலுக்கு இம்மி பிசகாமல் பொருந்தும் என்று எதிர்பார்க்காதீர்கள்.

கலோரி என்று நாம் சொல்வது உண்மையில் கிலோகலோரி. ஒரு லிட்டர் தண்ணீரின் வெப்பத்தை ஒரு டிகிரி உயர்த்தும் அளவு. அந்த 1,183-ஐ ஒரு நாளின் நொடிகளுக்குப் பங்கிட்டு வாட்டாக மாற்றினால் வருவதுதான் 57.

[திரையில்: உடலின் படம். உறுப்புகள் ஒவ்வொன்றாக ஒளிர்கின்றன.]

படுத்துக் கிடக்கிற உடலில் யார் இவ்வளவு செலவு செய்கிறார்கள்? தசை என்று நினைப்போம். ஓய்வில் இருக்கும் ஒரு கிலோ தசை நாளுக்கு வெறும் 13 கலோரிதான் கேட்கிறது. ஒரு கிலோ கொழுப்பு, ஐந்துகூடக் கேட்பதில்லை. இதயமும் சிறுநீரகமும் கிலோவுக்கு 440. கல்லீரல் 200. மூளை 240. ஒன்றேகால் கிலோ மூளைக்கு மட்டும் நாளொன்றுக்கு 300 கலோரி போய்விடுகிறது. தேர்வுக்குப் படிக்கிற பிள்ளைக்கு மூளை வேலை அதிகம் என்று இன்னும் இரண்டு தோசை வைக்கும் வீடுகள் உண்டு. பாசம் சரி, கணக்கு சரியில்லை. மூளை சும்மா இருந்தாலும் கணக்குப் போட்டாலும் செலவில் பெரிய வேறுபாடு கிடையாது.

இனி முழு நாள். உட்கார்ந்து வேலை பார்க்கும் 55 கிலோ எடையுள்ள பெண்ணுக்கு 2020-இல் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் சொன்ன தேவை 1,660 கலோரி. 65 கிலோ ஆணுக்கு 2,110. அந்த 1,660-இல் 1,183-ஐக் கழித்தால் 477. அதில் சாப்பாட்டைச் செரிக்கவே 160-ஐ ஒட்டி ஆகிவிடும். மிஞ்சிய 300 சொச்சத்தில்தான் சமையல், பேருந்துப் பயணம், அலுவலகம், மாடிப்படி எல்லாம்.

[திரையில்: காலை நடை. கைக்கடிகாரத்தில் ‘190 கலோரி’.]

இந்தக் கடிகாரத்தைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். இவர் ஒரு மணி நேரத்தில் 5 கிலோமீட்டர் நடந்தார். கடிகாரம் காட்டிய 190 சரி என்றே வைத்துக்கொள்வோம். அந்த ஒரு மணி நேரம் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாலும் 55 கலோரி எரிந்திருக்கும். நடையின் கணக்கில் சேர்க்க வேண்டியது 135 மட்டுமே. 15 கிராம் எண்ணெய்க்கு அது சமம். இட்லிப் பொடிக்கு நடுவே குழி பறித்து நல்லெண்ணெய் ஊற்றுவோமே, அவ்வளவுதான்.

190 என்பதையும் நம்ப முடியுமா? 2017-இல் ஸ்டான்ஃபோர்ட் ஆய்வாளர்கள் ஏழு மணிக்கட்டுக் கருவிகளைச் சோதித்தார்கள். இதயத்துடிப்பைப் பெரும்பாலானவை நன்றாகவே அளந்தன. கலோரியில் சிறந்ததே சராசரியாக 27 சதவீதம் பிசகியது. மோசமானது 93 சதவீதம்.

பிசகாமல் அளக்கவும் வழி இருக்கிறது. கனமான ஹைட்ரஜனும் கனமான ஆக்சிஜனும் கலந்த தண்ணீரைக் குடிக்கக் கொடுத்து, ஓரிரு வாரம் சிறுநீரைச் சோதிப்பார்கள். ஹைட்ரஜன் நீராக மட்டுமே வெளியேறும். ஆக்சிஜன் நீராகவும், மூச்சில் கரியமில வாயுவாகவும் போகும். இரண்டும் குறைகிற வேக வேறுபாடு, எவ்வளவு கரியமில வாயு உண்டானது என்பதைக் காட்டிக்கொடுக்கும். அதிலிருந்து கலோரி.

அமெரிக்க மானிடவியலாளர் ஹெர்மன் பான்ட்சர் குழுவினர் இந்தத் தண்ணீரை வடக்கு டான்சானியாவுக்கு, வேட்டையாடியும் கிழங்கு தோண்டியும் வாழும் ஹாட்சா மக்களிடம் கொண்டு போனார்கள். அங்கே ஆண்கள் ஒரு நாளில் 11 கிலோமீட்டர் நடக்கிறவர்கள். செலவு எகிறியிருக்கும் என்றுதான் எவரும் நினைப்பார். 2012-இல் முடிவு வெளியானது: ஆண்களுக்கு ஏறத்தாழ 2,600, பெண்களுக்கு 1,900. உடல் அளவைக் கணக்கில் எடுத்துக்கொண்டால், மேலைநாடுகளில் நாற்காலியில் உட்கார்ந்திருப்பவர்களின் செலவும் இதுவேதான்.

பான்ட்சரின் விளக்கம்: நடைக்கு அதிகம் செலவானால் உடல் வேறு எங்கோ சிக்கனம் பிடிக்கிறது, மாதக் கடைசியில் குடும்பம் நடத்துவதைப் போல. எந்த அளவுக்கு என்பதில் ஆய்வாளர்களுக்குள் இன்னும் வழக்கு ஓய்ந்தபாடில்லை.

2021-இல் 6,400-க்கும் மேற்பட்டவர்களின் இத்தகைய அளவீடுகளைத் திரட்டினார்கள். உடல் அளவுக்கு ஏற்பப் பார்த்தால், 20 வயதிலிருந்து 60 வரை செலவு மாறுவதே இல்லை. நாற்பதைத் தாண்டியதால்தான் தொப்பை என்கிற சாக்குக்கு அங்கே இடமில்லை.

[திரையில்: மீண்டும் படுக்கையறை. குழந்தை புரண்டு படுத்து, அம்மாவை ஓர் உதை விடுகிறது.]

அந்த 2021 ஆய்வில் முதலிடம் இந்த ஒரு வயதுக் குழந்தைக்குத்தான். உடல் அளவுக்கு ஏற்பக் கணக்கிட்டால், பெரியவர்களைப் போல ஒன்றரை மடங்கு எரிக்கிறது.