எம்.ஆர்.பி. சாப்ட்வேரா, கான்பான் அட்டையா? பம்ப்செட் யூனிட் நடத்தும் நேயரின் கேள்வி

அடுத்த கேள்வி கோயம்புத்தூரிலிருந்து ஒரு நேயர் அனுப்பியது. பம்ப்செட் தயாரிக்கும் சிறிய யூனிட் வைத்திருக்கிறார். "ஷாப் முழுக்கச் சரக்கு குவிந்து கிடக்கிறது, ஆனால் அசெம்பிளிக்கு வேண்டிய பொருள் மட்டும் இருப்பதில்லை. மாதக் கடைசியில் ஓவர்டைம் போட்டுத்தான் டெலிவரி கொடுக்கிறோம். எம்.ஆர்.பி. சாப்ட்வேர் வாங்கவா, இல்லை கான்பான் போதுமா?" என்று கேட்கிறார்.

நல்ல கேள்வி. ஆனால் இரண்டையும் எதிரெதிராக வைத்துக் கேட்கிறீர்கள். இரண்டும் செய்கிற வேலை வேறு. இங்கே எம்.ஆர்.பி. என்பது பாக்கெட்டில் போடும் விலையல்ல, 'மெட்டீரியல் ரிக்வயர்மென்ட்ஸ் பிளானிங்': எந்தப் பாகம், எத்தனை, எப்போது வேண்டும் என்று கணக்குப் போடும் முறை. கான்பான் என்பது அட்டை வந்தால் மட்டும் அடுத்ததைத் தயாரிக்கும் முறை.

முதலில் எம்.ஆர்.பி. அமெரிக்காவில் ஜோசப் ஆர்லிக்கி போன்றவர்கள் 1960-களில் கணினியை வைத்து உருவாக்கிய முறை இது. ஜூன் 10-ஆம் தேதி 500 பம்ப் அசெம்பிளி செய்ய வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். ஒரு பம்புக்கு 2 பேரிங், ஆக 1,000 பேரிங் வேண்டும். ஸ்டோரில் 300 இருக்கிறது, ஏற்கெனவே ஆர்டர் போட்டதில் 200 வரவேண்டியிருக்கிறது. மீதி 500. சப்ளையர் 3 வாரம் கேட்பார் என்றால் மே 20-க்குள் ஆர்டர் போயிருக்க வேண்டும். இந்தக் கணக்கை ஒவ்வொரு பாகத்துக்கும் போட்டுத் தருவதுதான் எம்.ஆர்.பி. நூற்றுக்கணக்கான பாகங்களுக்கு இதைக் கையால் போட முடியாது, அதனால் அதற்கு மதிப்பு உண்டு. ஸ்டோர் கணக்கு சரியாக இருக்க வேண்டும், அவ்வளவுதான். ரேக்கில் 180 இருக்கும்போது கம்ப்யூட்டரில் 300 என்று இருந்தால், அது தப்பான ஆர்டரைத்தான் போடும்.

சிக்கல் ஷாப்புக்குள்தான் வருகிறது. இம்பெல்லர், அதாவது பம்புக்குள் சுழன்று தண்ணீரைத் தள்ளும் சக்கரம், மெஷினிங் முடிய எத்தனை நாள் என்று சாப்ட்வேர் கேட்கும். லேத்தில் ஓடுகிற நேரம் சில நிமிடங்கள்தான், ஆனால் வரிசையில் காத்துக் கிடப்பதால் நீங்கள் 10 நாள் என்று போடுவீர்கள். உடனே அது 10 நாள் முன்னாடியே வேலையை ஷாப்புக்குள் தள்ளும். வரிசை இன்னும் நீளும். அடுத்த மாதம் நீங்களே அதை 15 நாளாக மாற்றுவீர்கள். உங்களுடைய குவியலுக்கும் இதே காரணம் இருக்க வாய்ப்பு அதிகம்: முடிகிற வேகத்தைப் பார்க்காமல் வேலையை உள்ளே விடுவது.

1961-ல் ஜான் லிட்டில் நிரூபித்த ஒரு விதி இதற்குத் துல்லியமாகப் பொருந்தும். ஷாப்புக்குள் இருக்கும் எண்ணிக்கையை ஒரு நாள் உற்பத்தியால் வகுத்தால், ஒரு பொருள் சராசரியாக உள்ளே இருக்கும் நாட்கள் கிடைக்கும். நாளொன்றுக்கு 240 இம்பெல்லர் முடிகிறது, உள்ளே 2,400 கிடக்கிறது என்றால் 10 நாள். அதையே 600-ஆகக் குறைத்தால் இரண்டரை நாள். புது மெஷின் எதுவும் தேவையில்லை.

அந்த 600-ஐத் தாண்டவிடாமல் பிடித்து நிறுத்துவதுதான் கான்பான். டொயோட்டாவில் தைச்சி ஓனோ 1953-ல் மெஷின் ஷாப்பில் இதை நடைமுறைக்குக் கொண்டுவந்தார். ஒரு ட்ரேக்கு ஒரு அட்டை. அசெம்பிளிக்காரர் ட்ரேயை எடுக்கும்போது அட்டை கழன்று லேத்துக்குத் திரும்பும். அட்டை வந்தால் மட்டுமே அடுத்த 40 இம்பெல்லர் ஓட்ட வேண்டும். அட்டை இல்லையென்றால் மெஷின் சும்மா நிற்கட்டும். முதலாளிகளுக்கு மனசு கேட்காத இடம் இதுதான். ஆனால் இதில் விட்டுக்கொடுத்தால் மொத்தமும் போச்சு.

அட்டை எத்தனை? நாளுக்கு 240 தேவை, ட்ரே காலியாகித் திரும்ப நிரம்ப 2 நாள், 20 சதவீதம் கூடுதல் பாதுகாப்பு. பெருக்கினால் 576. ட்ரேக்கு 40 வீதம் 14.4 வரும், அப்போது 15 அட்டை. அதிகபட்சம் 600 இம்பெல்லர், அதற்கு மேல் ஒன்றுகூடத் தேங்க வழியில்லை.

டொயோட்டா திட்டமே போடுவதில்லை என்று சிலர் பேசுகிறார்கள். தவறு. அவர்கள் மாதத் திட்டத்தை நாள்வாரியாகச் சமமாகப் பிரித்து, சப்ளையர்களுக்கு முன்கூட்டியே தெரிவிக்கிறார்கள். அன்றாட ஏற்ற இறக்கத்தைத்தான் அட்டை பார்த்துக்கொள்கிறது. உங்கள் விற்பனையாளர்கள் பாதி ஆர்டரைக் கடைசி வாரத்தில் கொண்டுவந்து கொட்டினால் எந்த அட்டையாலும் ஒன்றும் செய்ய முடியாது. அதை முதலில் சரிசெய்யுங்கள்.

ஆக, தினமும் ஓடுகிற இம்பெல்லர், ஷாஃப்ட் போன்றவற்றுக்கு அட்டை. எப்போதாவது வரும் ஸ்பெஷல் மாடலுக்கும், வெளியிலிருந்து வர வாரக்கணக்காகும் பொருளுக்கும் எம்.ஆர்.பி. கணக்கு, தொடக்கத்துக்கு எக்செல் போதும். ஒரே ஒரு சப்ளையரிடம் மட்டும் வாங்கும் பொருள் இருந்தால் அதற்குத் தனியாக ஸ்டாக் வையுங்கள். 1997 பிப்ரவரி 1-ஆம் தேதி ஜப்பானின் கரியாவில், டொயோட்டாவின் சப்ளையரான ஐசின் நிறுவனத்தின் தொழிற்சாலை எரிந்தபோது, பிரேக்கில் போகும் ஒரு சின்ன வால்வு இல்லாமல் டொயோட்டாவின் ஜப்பான் தொழிற்சாலைகள் பெரும்பாலும் சில நாட்கள் நின்றுபோயின.

இம்பெல்லரில் மட்டும் தொடங்குங்கள். சில வாரம் தட்டாமல் ஓடினால் ஒரு அட்டையை எடுத்துவிடுங்கள். எங்கே தட்டுகிறதோ, டூல் மாற்றும் நேரமா, வார்ப்படத்தில் ரிஜெக்ஷனா என்று அங்கே பாருங்கள். கோடை சீசனுக்கு ஆர்டர் ஏறும் முன் அட்டைக் கணக்கை மறுபடி போட்டுவிடுங்கள், 240 அப்போது 240-ஆக இருக்காது.