நூற்றைந்துக்கு ஆன இருபத்தாறு வருடம்

(குலசேகரத்தில் ஒரு வாசகர் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

இருட்டோடு எழுந்து ரப்பர் பால்வெட்டுக்குப் போய்வந்தவர்கள், ஆராய்ச்சிக்கு அரசு ஏன் செலவழிக்க வேண்டும் என்ற பொருளாதாரத்தைச் சாயங்காலம் கேட்க உட்கார்ந்திருக்கிறீர்கள். ஜிடிபியில் தொடங்கினால் தூங்கிவிடுவீர்கள். பால் சொட்டும் சிரட்டையிலேயே தொடங்குகிறேன்.

தோட்டத்தில் என்ன மரம் அண்ணாச்சி என்று கேட்டால், 'நூற்றைந்து' என்பீர்கள். கோட்டயம் ரப்பர் ஆராய்ச்சி நிலையத்தின் ஆர்.ஆர்.ஐ.ஐ. 105. ஜாவா வகை ஒன்றையும் மலேயா வகை ஒன்றையும் கையால் மகரந்தம் சேர்த்துக் கலப்பு செய்தது 1954-ல். அப்போது நம் மாவட்டமே திருவிதாங்கூர்-கொச்சியில் இருந்தது! விவசாயி கைக்கு வந்தது 1980-ல். கன்று வெட்டுக்கு வரவே ஏழு வருடம். அப்புறமும் பல வருடம் பால் நிற்கிறதா என்று பார்க்காமல் எப்படிக் கொடுப்பது?

எந்த முதலாளி இருபத்தாறு வருடம் சம்பளம் கொடுத்துக் காத்திருப்பார்? காத்திருந்தாலும் பக்கத்துத் தோட்டக்காரர் ஒரு கம்பை ஒடித்து ஒட்டுக்கட்டிக்கொள்வார். நம்ம ஊரில் வேலி தாண்டாத கம்பு ஏது? செலவு ஒருவருக்கு, பலன் ஊருக்கு. அங்கேதான் வரிப்பணம் தேவைப்படுகிறது.

1950-களின் தொடக்கத்தில் இந்தியாவில் ஹெக்டேருக்குச் சுமார் 300 கிலோ ரப்பர். 2006-07-ல் 1,800 கிலோவுக்கு மேல். உரத்துக்கும் வெட்டு முறைக்கும் அதில் பங்குண்டு, மறுக்கவில்லை. அந்தக் கூடுதல் பால் ஷீட்டாகி, லாரியேறி, டயராகி, வழிநெடுகக் கூலியாகவும் வரியாகவும் மாறியது. பணம் ஒதுக்கிய அமைச்சர் யாரென்று யாருக்கும் நினைவில்லை. பட்ஜெட்டில் கத்தி வைக்கவும் இதுதான் வசதி: ஆராய்ச்சிப் பணத்தை இன்றைக்கு வெட்டினால் இன்றைக்கு யாரும் அழ மாட்டார்கள்.

2020-21 கணக்கில், ஆராய்ச்சிக்கு நாம் செலவிட்டது ஜிடிபியில் 0.64 சதவீதம். தென்கொரியா அப்போதே ஐந்தை நெருங்கியிருந்தது. ஆனால் அங்கே பெரும்பங்கு கம்பெனிகளுடையது, இங்கே பாதிக்கு மேல் அரசுடையது. அதனால் அரசைத் திட்டுவதற்கு முன் நம் கம்பெனிகளைத்தான் கேட்பேன்.

சரி, நூற்றைந்து வந்ததோடு வேலை முடிந்ததா? மழைக்காலத்தில் அதன் மரக்கவையில் பிங்க் நோய் என்ற பூஞ்சை நோய் வந்து நின்றது. 105-ஐ வைத்து 1982-ல் மறுபடி கலப்பு. 414, 430 என்ற புது வகைகள் வந்தது 2005-ல். மறுபடியும் இருபத்துமூன்று வருடம்.

'விலை விழுந்தால் ஆராய்ச்சி என்ன செய்யும்?' என்று பின்வரிசையில் ஒருவர் கேட்கிறார். விலையை அது தூக்காது அண்ணாச்சி. கிலோவுக்கு ஆகும் செலவைக் குறைக்கும், அவ்வளவுதான். விலை என்பது இறக்குமதி, சுங்கவரி என்று வேறு கணக்கு. டீ வந்துவிட்டது, குடித்துவிட்டு அதைப் பேசுவோம்.