சூப்பர் இடம், சொதப்பல் போட்டோ: வெளியில ஜோடியையும் குடும்பத்தையும் எடுக்கறது எப்படி

வணக்கம் மக்களே. ஒரு பெரிய மலை, கீழ பள்ளத்தாக்கு, மேகம் எல்லாம் அப்படியே மெதந்துக்கிட்டு இருக்கு, அந்த இடத்துல ஒரு ஜோடிய நிக்க வெச்சு படம் எடுத்து வீட்டுக்கு வந்து பாத்தா ரெண்டு பேர் கண்ணும் கருப்பா குழி விழுந்து கெடக்கு, மலை ஏதோ பின்னாடி சின்ன மண்மேடு மாதிரி தெரியுது. இது நடக்காத ஆளே இல்ல. எனக்கு நடந்துருக்கு, ரொம்ப நாளா நடந்துருக்கு.

காரணம் ரொம்ப சிம்பிள். அழகான எடத்துக்கு போன உடனே நாம வியூவ பாத்து மயங்கிடுவோம், "இத பேக்ரவுண்டா வெச்சுடலாம்"னு ஆளுங்கள அதுக்கு முன்னாடி நிறுத்திடுவோம், சூரியன் எங்க இருக்குன்னு யாரு பாத்தா? அதனால இந்த வீடியோல நான் திரும்ப திரும்ப ஒண்ணே ஒண்ணுதான் சொல்ல போறேன். போன உடனே வியூவுக்கு முதுக காட்டி நில்லுங்க, வெளிச்சம் எங்கேர்ந்து வருது, எங்க பட்டு திரும்புது, எங்க நெழல் இருக்குன்னு ஒரு ரவுண்டு நடந்து பாருங்க. எடத்த அப்பறம் பாத்துக்கலாம், அது எங்கயும் ஓடிடாது. வெளிச்சம் ஓடிடும்.

(ஸ்கிரீன்ல: ஒரே ஆள், ஒரே எடம், மதியம் ஒண்ணு, சாயந்தரம் ஒண்ணு)

மொதல்ல கோல்டன் ஹவர். சூரியன் கீழ எறங்கும்போது அந்த வெளிச்சம் காத்து மண்டலத்துல ரொம்ப தூரம் கடந்து வரணும், வர வழியில நீல நிறம் எல்லாம் செதறி போயிடும், மிச்சம் மஞ்சளும் ஆரஞ்சுமா நம்ம கிட்ட வந்து சேரும். அதோட பக்கவாட்டுல வரதால கண்ணு குழிக்குள்ள நெழல் விழாது. பொதுவா சூரியன் அடிவானத்துக்கு மேல ஒரு 6 டிகிரிக்கு வந்ததுலேர்ந்துதான் இந்த வெளிச்சத்த கணக்கு வெக்கறாங்க.

இங்கதான் ஒரு விஷயம் யாரும் ஒழுங்கா சொல்றதில்ல. பேரு தான் ஹவர், எல்லா ஊர்லயும் ஒரு மணி நேரம் கெடைக்காது. பூமி ஒரு மணி நேரத்துக்கு 15 டிகிரி சுத்துது. நிலநடுக்கோட்டுக்கு பக்கத்துல சூரியன் கிட்டத்தட்ட நேரா தொப்புனு எறங்கும், அப்ப 6 டிகிரி எறங்க எவ்ளோ ஆகும்? 24 நிமிஷம். அவ்ளோதான். வடக்கயோ தெக்கயோ தள்ளி போக போக சாய்வா எறங்கும், அதனால நேரம் கூட கெடைக்கும். இன்டர்நெட்ல "கைய நீட்டி சூரியனுக்கும் அடிவானத்துக்கும் நடுவுல எத்தன விரல் புடிக்குதுன்னு பாருங்க, ஒரு விரலுக்கு 15 நிமிஷம்"னு ஒரு டிப்ஸ் சுத்துதுல்ல, அது குளிர் நாட்டு பக்கம் ஓரளவு சரியா வரும், வெப்ப நாடுகள்ல வராது. நீட்டுன கையில ஒரு விரல் அகலம் சுமாரா 2 டிகிரி, அங்க அது 8 நிமிஷத்துல போயிடும். அத நம்பி "இன்னும் ஒரு மணி நேரம் இருக்கு, ஜூஸ் குடிச்சுட்டு வரலாம்"னு போனீங்கன்னா திரும்பி வரும்போது இருட்டுதான் இருக்கும். முஷ்டிய மடக்கி வெச்சு பாருங்க, அது ஒரு 10 டிகிரி. நிலநடுக்கோட்டு பக்கம்னா 40 நிமிஷம். நான் இதான் பண்றேன். (சூரியன நேரா உத்து பாக்காதீங்க, முக்கியமா பெரிய ஜூம் லென்ஸ மாட்டிக்கிட்டு வியூஃபைண்டர் வழியா பாக்கவே பாக்காதீங்க, கண்ணு போயிடும்.)

சரி, சூரியன் எறங்கிடுச்சு, ஆளுங்கள எப்படி நிறுத்தறது? பெரும்பாலும் அவங்க முதுகு சூரியனுக்கு. மூஞ்சி நெழல்ல இருக்கும், கண்ண சுருக்க மாட்டாங்க, முடியோட ஓரத்துல ஒரு தங்க கோடு வரும் பாருங்க, அதுக்குதான் இவ்ளோ பாடு. ஆனா அந்த கோடு தெரியணும்னா பின்னாடி கொஞ்சம் இருட்டா இருக்கணும், மரக்கூட்டமோ மலைச்சரிவோ. பின்னாடி வெளுத்த வானம்னா கோடு அதுலயே கரைஞ்சிடும். கேமரா வேற பின்னாடி இருக்கற வெளிச்சத்த பாத்து பயந்து மூஞ்சிய இருட்டாக்கிடும், எக்ஸ்போஷர் காம்பன்சேஷன (படத்தோட வெளிச்சத்த கூட்டி கொறைக்கற செட்டிங்) ஒரு ஸ்டாப், அதாவது ரெண்டு மடங்கு, ஏத்துங்க, ரா ஃபைல்ல (கேமரா பாத்தத மாத்தாம அப்படியே வெக்கற ஃபைல்) எடுங்க, மிச்சத்த எடிட்டிங்ல பாத்துக்கலாம்.

இப்ப மூஞ்சிக்கு வெளிச்சம் எங்கேர்ந்து வரும்? உங்க பின்னாடி இருக்கறதுலேர்ந்து. நீங்க நிக்கற பக்கம் வெளிர் மணலோ, வெள்ளை சுவரோ, காஞ்ச புல்லோ இருந்தா அதுல பட்டு திரும்பி அவங்க மூஞ்சில அழகா விழும், வெளிச்சத்த திருப்பி விடற ரிஃப்ளெக்டர் அட்டையே தேவையில்ல. பச்சை புல்லு மட்டும் ஜாக்கிரத. வெயில் பட்ட புல்லு மேல கொழந்தைய ஒக்கார வெச்சா தாடைக்கு கீழ பச்சையா ஒரு சாயம் ஏறும், எடுக்கும்போது தெரியவே தெரியாது, வீட்ல போயி பெரிய ஸ்கிரீன்ல பாத்தா "இது என்னடா"ன்னு இருக்கும்.

மதியம்தான் நேரம் கெடைச்சிருக்கா? நிழலுக்கு போங்க, அவ்ளோதான். அதுவும் மரத்தடில இல ஓட்டையிலேர்ந்து பொட்டு பொட்டா வெயில் விழுற நெழல் வேணாம், சுவரோட, பாறையோட கெட்டி நெழல் வேணும், அதோட ஓரத்துல வெளிய பாத்த மாதிரி நிறுத்துங்க. மதிய வெயில் எவ்ளோ ஜாஸ்தின்னா, ஐஎஸ்ஓ (கேமரா வெளிச்சத்த எவ்ளோ கூட்டி காட்டணும்ங்கற எண்) 100, எஃப் (லென்ஸ் தெறப்போட எண், கொறைஞ்சா தெறப்பு பெருசு) 16, ஷட்டர் (வெளிச்சம் உள்ள வர நேரம்) 100-ல ஒரு பங்கு செகண்ட், இதுதான் பழைய காலத்து கணக்கு. அதையே எஃப் 2.8-ல எடுக்கணும்னா ஷட்டர் 3200-ல ஒரு பங்குக்கு போகணும். ஃபிளாஷ் போடலாம்னா நெறைய கேமராவுல ஃபிளாஷோட சேந்து வேல செய்யற ஷட்டர் வேகம் (சிங்க்) சாதாரணமா 200-ல, 250-ல ஒரு பங்குலயே நின்னுடும். அதனாலதான் மதியத்துல நான் ஃபிளாஷ தூக்கிட்டு மல்லு கட்டறதில்ல. மேகமூட்டம் இருந்தா கொண்டாடுங்க, வானம் மொத்தமும் ஒரு சாஃப்ட்பாக்ஸ் (ஸ்டூடியோவுல லைட்ட மெத்துன்னு ஆக்கற பெட்டி) மாதிரி. வெள்ளை வானத்த மட்டும் ஃப்ரேம்ல நெறைய காட்டாதீங்க.

அடுத்தது அந்த மலை. நேர்ல பாக்கும்போது பிரம்மாண்டமா இருந்துச்சு, படத்துல ஏன் சுருங்கிடுச்சு? ஏன்னா நீங்க கிட்ட போயி வைட்ல, அதாவது நெறைய எடத்த அடக்கற லென்ஸ்ல எடுத்தீங்க. (லென்ஸோட எம்எம் எண் கூட கூட ஜூம் கூடும்.) 35 எம்எம் லென்ஸோட 3 மீட்டர்ல நின்னு ஒரு ஜோடிய எடுக்கறீங்கன்னு வெச்சுக்கோங்க. இப்ப அவங்கள அங்கயே விட்டுட்டு நீங்க மட்டும் 9 மீட்டருக்கு பின்னாடி போயி 105 எம்எம்ல எடுங்க. ஆளுங்க அதே சைஸ்தான், ஆனா பின்னாடி மலை மூணு மடங்கு பெருசா வந்து நிக்கும். மலை பல கிலோமீட்டர் தள்ளி இருக்கு, நீங்க 6 மீட்டர் நகந்தது அதுக்கு ஒண்ணுமே இல்ல, ஜூம் மட்டும்தான் அத பெருசாக்குது. லென்ஸோட மாயம்னு நெறைய பேர் சொல்வாங்க, பாதி கத உங்க காலு. போன்ல கூட டெலி கேமரா (தூரத்த கிட்ட காட்டறது) இருந்தா இத பண்ணலாம், பண்ணி பாருங்க.

வைட் லென்ஸ்ல குடும்பத்த எடுக்கும்போது இன்னொரு வம்பு, ஓரத்துல நிக்கறவங்க இழுபட்டு அகலமா தெரிவாங்க. யாரு ஓரத்துல நிக்கறாங்களோ அவங்க அந்த படத்த உங்களுக்கு மன்னிக்கவே மாட்டாங்க. ரெண்டு பக்கமும் எடம் விட்டு, கொஞ்சம் பின்னாடி போயி எடுங்க.

போக்கஸ் பத்தி என் சொந்த கத ஒண்ணு. 85 எம்எம் எஃப் 1.4 லென்ஸ் புதுசா வாங்குன சந்தோஷத்துல ஒரு ஜோடிய மொத்தமா அந்த 1.4-லயே எடுத்துட்டு வந்தேன், பேக்ரவுண்ட் வெண்ணெய் மாதிரி கரையுது, கேமரா ஸ்கிரீன்ல பாத்தா சும்மா தகதகன்னு இருக்கு. வீட்ல வந்து பெருசு பண்ணி பாத்தா பாதிக்கு மேல அவரு மட்டும் ஷார்ப்பா இருக்காரு, அவர் தோளுக்கு பின்னாடி சாஞ்சு நின்ன அவங்க மங்கலா இருக்காங்க. ரெண்டர மீட்டர் தூரத்துல அந்த லென்ஸுக்கு கெடைக்கற போக்கஸ் ஆழம் (முன்னாடி பின்னாடி ஷார்ப்பா தெரியற அளவு) மொத்தமே ஒரு 7 சென்டிமீட்டர்ங்க. ஒருத்தர் காதுக்கும் மூக்குக்கும் நடுவுலயே அது தீந்துடும். அப்பலேர்ந்து ஜோடின்னா எஃப் 2.8, ரெண்டு மூஞ்சியும் ஒரே தூரத்துல வர மாதிரி நிறுத்துவேன், ரெண்டு வரிசை குடும்பம்னா எஃப் 5.6-க்கு கொறைய மாட்டேன், முன் வரிசையில போக்கஸ். பேக்ரவுண்ட் ப்ளர் ஆகணும்னா ஆளுங்கள பின்னாடி இருக்கற மரத்துலேர்ந்து தள்ளி கொண்டு வாங்க, அபெர்ச்சர, அதாவது லென்ஸ் தெறப்ப, பெருசாக்கி கஷ்டப்படாதீங்க.

இப்ப ஆளுங்க. கேமரா முன்னாடி நிறுத்தி "சிரிங்க"ன்னு சொன்னா என்ன வரும்? பல்லு வரும். 1862-லயே துஷேன்னு ஒரு பிரெஞ்சு டாக்டர் மூஞ்சி தசைக்கு கரன்ட் குடுத்து, அத போட்டோவும் எடுத்து, ஒரு புக்கே போட்டாரு. வாய் தசைய நாம நெனச்சா இழுக்கலாம், கண்ண சுத்தி இருக்கற தசை உண்மையான சந்தோஷத்துலதான் சுருங்கும்னு எழுதுனாரு. அதனால சிரிக்க சொல்லாதீங்க, செய்யறதுக்கு ஏதாவது வேல குடுங்க. "ரெண்டு பேரும் தோள இடிச்சுக்கிட்டே அந்த மரம் வரைக்கும் நடங்க, யாரு மொதல்ல வழி மாறுறாங்கன்னு பாப்போம்", "அண்ணா, அக்கா காதுல இன்னைக்கு காலைல நடந்த சண்டைய சொல்லுங்க". மூணாவது அடியில சிரிப்பு தானா வந்துடும். நடக்கறதுக்கு ஷட்டர் 250-ல ஒரு பங்கு போதும், கொழந்தைங்க ஓடுனா 500, தூக்கி போட்டு பிடிக்கறாங்கன்னா 1000. கண்ண மூடி நெத்தியோட நெத்தி வெக்கற போஸ்ல மூக்கு ரெண்டும் மோதாம ஒரு விரல் எடைவெளி விட சொல்லுங்க, மோதுனா சப்பையா தெரியும். பேன்ட் பாக்கெட்ல போன், சாவி எல்லாம் மொதல்லயே வாங்கி வெச்சுடுங்க.

கொழந்தைங்க இருந்தா அவங்கதான் மொதல்ல. அவங்க மூட் எப்ப போகும்னு யாருக்கும் தெரியாது, அப்பா அம்மா ஜோடி படம் எல்லாம் கடைசில எடுத்துக்கலாம். முட்டி போட்டு அவங்க கண்ணு மட்டத்துக்கு எறங்குங்க, கொழந்தைக்கு பிடிச்ச ஆள, பாட்டியோ சித்தப்பாவோ, உங்க தலைக்கு நேர் பின்னாடி நிக்க சொல்லி கூப்பிட சொல்லுங்க. பக்கத்துல நின்னு கூப்பிட்டா கண்ணு அந்தப்பக்கம் போயிடும். பெரிய குடும்பத்துல இது இன்னும் மோசம், நீங்க எடுக்கும்போதே நாலு பேர் போன எடுத்துக்கிட்டு ஓரத்துல நிப்பாங்க, பாதி பேர் உங்கள பாப்பாங்க, பாதி பேர் மாமா போன பாப்பாங்க. சண்ட போடாதீங்க. "மொதல்ல எல்லாரும் எடுத்துக்கோங்க"ன்னு ஒரு நிமிஷம் விட்டுட்டு அப்பறம் நீங்க எடுங்க.

அப்பறம் கண்ணு மூடறவங்க. இதுக்கு நெசமாவே ஒரு கணக்கு இருக்கு. ஆஸ்திரேலியாவுல சிஎஸ்ஐஆர்ஓங்கற அரசு ஆராய்ச்சி நிறுவனத்த சேந்த நிக் ஸ்வென்சன், பியர்ஸ் பார்ன்ஸ்னு ரெண்டு பேர், எத்தன படம் எடுத்தா எல்லாரும் கண்ணு தெறந்த படம் ஒண்ணாவது கெடைக்கும்னு கணக்கு போட்டு 2006-ல இக் நோபல் (சிரிக்க வெச்சு அப்பறம் யோசிக்க வெக்கற ஆராய்ச்சிக்கு குடுக்கற பரிசு) வாங்குனாங்க. 20 பேருக்கு கீழ இருந்தா, நல்ல வெளிச்சத்துல ஆள் எண்ணிக்கைய மூணால வகுங்க, வெளிச்சம் கம்மின்னா ரெண்டால. 12 பேர்னா 4 படம், மங்குன வெளிச்சத்துல 6. நான் கூட ரெண்டு சேத்தே எடுப்பேன், யாராவது ஒருத்தர் எப்பவும் செருப்ப பாத்துக்கிட்டு இருப்பாங்க.

கடல் பக்கம்னா அடிவானக்கோடு ஆளுங்க கழுத்த வெட்டாம பாருங்க, கேமராவ ஏத்தியோ எறக்கியோ கோட்ட இடுப்புக்கு பக்கமா கொண்டு போயிடலாம். மணல் காத்துல லென்ஸ் மாத்தாதீங்க. மலை உச்சி, அருவி பக்கம்னா "ஒரு அடி பின்னாடி"ங்கற வார்த்தைய வாயிலேர்ந்து எடுத்துடுங்க. ஆளுங்க உங்கள நம்பி பின்னாடி பாக்காமலே நகருவாங்க. நீங்க பின்னாடி போங்க, போறதுக்கு முன்னாடி உங்க பின்னாடியும் பாத்துக்கோங்க.

சூரியன் மறைஞ்ச உடனே எல்லாரும் பேக் பண்ண ஆரம்பிப்பாங்க. இருங்க. அப்பதான் வானம் பெரிய மெத்து மெத்துனு ஒரு லைட்டாகும், நெழலே இருக்காது, சூரியன் மறைஞ்சதுக்கு எதிர் திசையில அடிவானத்துல ரோஸ் கலர்ல ஒரு பட்டை, அதுக்கு கீழ சாம்பல் நீலமா பூமியோட நெழலே எழும்பி வரும். இவ்ளோ நேரம் முதுக காட்டுன மேற்கு பக்கம் இப்ப ஜோடியோட மூஞ்சிய திருப்புங்க. ஐஎஸ்ஓவ ஏத்துங்க, 800, 1600, பயப்படாதீங்க, ஆளுங்கள அசையாம நிக்க சொல்லுங்க. ஒரு பத்து நிமிஷம் கெடைக்கும். அது முடிஞ்சதும் கொழந்தைங்க செருப்பு ரெண்டும் இருக்கான்னு எண்ணி பாத்துட்டு கெளம்புங்க, மெமரி கார்ட ரெண்டு எடத்துல காப்பி போடற வரைக்கும் எல்லாத்தையும் அழிக்கற ஃபார்மேட் பட்டன் பக்கம் கை போகக்கூடாது.